சேலத்துக் கல்லும் பூமியின் உள்ளறைகளும்

சந்திப்பு மலர் என்றால் ஹாஸ்டல் சாப்பாடு, வகுப்பறைக் குறும்பு, ஆசிரியர்களின் நினைவு எல்லாம் இருக்கும். இருக்க வேண்டியதுதான். அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் சங்கத்தில் நிறையப் பேர் உண்டு. அந்தப் பொறுப்பை அவர்களிடம் விட்டுவிட்டு, நான் வேறொரு சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்க் கல்லின் சரித்திரம்.

கல்லூரியில் நான் படித்தது வரலாறு. ராஜாக்களையும் போர்களையும் தேதி வாரியாக மனப்பாடம் செய்தவன். ஃபேர்லேண்ட்ஸில் குடியேறி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. மொட்டை மாடியில் நின்று பார்த்தால் வடக்கே சேர்வராயன் மலை, வடமேற்கே வெள்ளைவெளேரென்று தோண்டிக் கிடக்கும் மேடுகள், மேற்கே கஞ்சமலை. தினமும் பார்ப்பதால் யாரும் இவற்றைக் கவனிப்பதில்லை. ஆனால் இந்த மூன்றும் பூமியின் மூன்று வேறு வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. ஒன்று மேலோட்டின் அடி ஆழத்தில் வெந்த கல். இன்னொன்று அதற்கும் கீழே உள்ள கவசத்திலிருந்து ஏறி வந்த கல். மூன்றாவது, மறைந்துபோன ஒரு கடலின் தரை. மனிதன் இன்றுவரை போய்ப் பார்க்காத இடத்துச் சரக்கு, நாம் டவுன் பஸ்ஸில் போய்த் தொட்டுவிடும் தூரத்தில் கிடக்கிறது. இதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

மல்கோவாவும் பூமியும்

பூமிக்குள் என்ன இருக்கிறது? தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று தோன்றும். தோண்டுவதில் நம் பக்கத்து ஆட்களை மிஞ்ச யாரும் கிடையாது. திருச்செங்கோட்டு ரிக் லாரி போகாத மாநிலம் இந்தியாவில் இல்லை. எங்கள் தெருவில் போர் போட்டபோது ரிக் ஓட்டுநர் சொன்னார்: "கீழ போகப் போகக் கல்லுதானுங்க வருது, வேற என்னத்தைங்க வரும்?" அவர் சொன்னது சரிதான். ஆயிரம் அடி, ஆயிரத்து ஐந்நூறு அடி என்பது பூமியின் மேல்தோலில் ஒரு கீறல்.

மனிதன் போட்ட மிக ஆழமான துளை ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-இல் ஆரம்பித்து, இருபது வருஷம் போராடி எட்டிய ஆழம் 12,262 மீட்டர். சேலத்திலிருந்து ஓமலூர் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மையமோ 6,371 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஓமலூர் வரை போனவன் உலகத்தையே பார்த்தேன் என்று சொல்ல முடியுமா?

நம் ஊர் மல்கோவா மாம்பழத்தை இரண்டாக வெட்டினால் பூமியின் அமைப்பு ஓரளவு புரிந்துவிடும். தோல்தான் மேலோடு. கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 கிலோமீட்டரும், கடலுக்கு அடியில் ஏழெட்டு கிலோமீட்டருமே அதன் கனம். பழத்தின் அளவோடு ஒப்பிட்டால் மாம்பழத் தோலைவிடவும் மெல்லியது. அதற்குக் கீழே சதை. இதைக் கவசம் என்கிறோம். 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கிறது. அதற்கும் உள்ளே கொட்டை. அதுதான் இரும்பும் நிக்கலும் சேர்ந்த கரு. கொட்டைக்குள் பருப்பு இருப்பதுபோல் கருவுக்குள்ளும் உட்கரு ஒன்று உண்டு. அதன் ஆரம் சுமார் 1,220 கிலோமீட்டர். ஓரிடத்தில் மட்டும் உவமை உதவாது. மாங்கொட்டை கெட்டியானது, பூமியின் வெளிக்கருவோ உருகிய நிலையில் இருக்கிறது. உட்கரு அதைவிடச் சூடு. ஆனாலும் அழுத்தம் தாங்காமல் இறுகிக் கிடக்கிறது.

கவசம் குழம்பாக ஓடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அது கல்தான். ஆனால் அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும், லட்சக்கணக்கான வருஷ அளவில், கெட்டிப் பாகு மாதிரி மெல்ல நகர்கிறது. வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர். இந்தச் சின்ன நகர்வை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நிலநடுக்கம் எழுதிய கடிதம்

யாரும் போகாத இடத்தைப் பற்றி இவ்வளவு கணக்கு எப்படிக் கிடைத்தது? இந்தக் கதை தொடங்கியதில் பெரும் பங்கு இந்திய மண்ணுக்கு உண்டு. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

1897 ஜூன் 12-ஆம் தேதி அஸ்ஸாமில் பெரும் பூகம்பம். ஷில்லாங் பக்கம் கல் கட்டடங்கள் எல்லாம் தரைமட்டம். அதை ஆராயப் போனவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். 1851-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் தலைவர் தாமஸ் ஓல்டாமின் மகன். அந்தப் பூகம்பத்தின் அதிர்வுகள் ஐரோப்பாவிலிருந்த கருவிகளில் பதிவாகியிருந்தன. அந்தக் கோடுகளை உற்றுப் பார்த்தவருக்கு ஒன்று புலப்பட்டது. அதிர்வு ஒரே அலையாக வரவில்லை. முதலில் ஒன்று, சற்றுத் தாமதித்து இன்னொன்று, அதற்குப் பிறகு தரையின் மேலேயே தவழ்ந்து வரும் பெரிய அலை.

ரேஷன் கடை வரிசையில் கடைசி ஆள் முன்னால் இருப்பவரைத் தள்ளினால் அந்தத் தள்ளு கவுண்டர் வரை போகுமல்லவா? முதல் அலை அந்த ரகம். அது கல்லிலும் போகும், திரவத்திலும் போகும். கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் உதறினால் நெளிவு ஓடுகிறதே, இரண்டாவது அலை அந்த ரகம். இது கெட்டிப் பொருளில்தான் ஓடும், திரவத்துக்குள் நுழையாது.

இந்த அலைகள் எந்த ஊருக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தன என்று கணக்குப் போட்டு, பூமிக்கு நடுவே வேறு தன்மையுள்ள ஒரு கரு இருக்கிறது என்று 1906-இல் ஓல்டாம் எழுதினார். அதன் ஆழம் 2,900 கிலோமீட்டர் என்று 1914-இல் ஜெர்மனியின் குட்டன்பெர்க் கணக்கிட்டார். மேலோடு எங்கே முடிகிறது என்பதை 1909-இல் குரோஷிய நாட்டு மொஹோரோவிசிச் கண்டுபிடித்திருந்தார். கருவுக்குள் இன்னொரு கரு இருப்பதை 1936-இல் சொன்னவர் டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் என்ற அம்மையார். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பது போல, இவர்கள் எல்லாரும் பூமியின் மேல் காதை வைத்துக் கேட்டே உள்ளே இருப்பதைச் சொல்லிவிட்டார்கள்.

மலையை எடை போட்டவர்கள்

இதற்கும் முன்னால் ஒரு கதை, நம் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கிறது. 1802-இல் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவையே முக்கோணம் முக்கோணமாக அளந்த மாபெரும் நில அளவைக்கு அதுதான் ஆதாரம். அளவை வடக்கே இமயமலை அடிவாரம் போனபோது ஒரு சிக்கல். கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு இடங்களுக்கும் உள்ள தூரத்தைத் தரையில் அளந்தால் ஒரு விடை, நட்சத்திரத்தைப் பார்த்துக் கணக்கிட்டால் வேறு விடை. வித்தியாசம் ஐந்து விநாடிக் கோணம். தரையில் 150 மீட்டருக்கு மேல்.

தூக்குக் குண்டை இமயமலை தன் பக்கம் இழுப்பதால் வந்த வித்தியாசம் இது என்று கல்கத்தாவிலிருந்த பாதிரியார் பிராட் கணக்குப் போட்டார். போட்டுப் பார்த்தால் இன்னும் பெரிய புதிர். அத்தனை பெரிய மலை இழுக்க வேண்டிய இழுப்பில் மூன்றில் ஒரு பங்குதான் இழுத்திருக்கிறது! 1855-இல் ஏரி என்ற வானியலாளர் விளக்கம் சொன்னார். தண்ணீரில் மிதக்கும் கட்டைக்கு மேலே தெரிவது கொஞ்சம், கீழே அமிழ்ந்திருப்பது அதிகம். மலையும் அப்படித்தான். லேசான கல்லால் ஆன வேர் ஒன்று அதற்கு அடியில் ஆழமாக இறங்கியிருக்கிறது. அதனால்தான் இழுப்பு குறைகிறது. ஆக, நாம் நிலையானது என்று நினைத்திருந்த தரை ஒரு தெப்பம் போல மிதக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. மிதக்கும் தெப்பம் நகராதா என்ற கேள்வி வர இன்னும் அறுபது வருஷம் ஆயிற்று.

கல்லறையில் கிடைத்த பெயர்

இனி நம் ஊருக்கு வருவோம். ஏற்காடு மலையேறும் ரோட்டில் வளைவுகளில் கருநீலமாக, உடைத்த இடத்தில் எண்ணெய் பூசியது போல் பளபளக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள். சேர்வராயன் மலையே அந்தக் கல்தான். அதன் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை சுவாரஸ்யமானது. கல்கத்தா நகரத்தைத் தோற்றுவித்தவர் என்று சொல்லப்பட்ட ஜோப் சார்னோக்கின் கல்லறை அங்கே செயின்ட் ஜான் சர்ச்சில் இருக்கிறது. அதன்மேல் வைத்த பலகைக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்து, செத்தவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். பரங்கிமலை, சேர்வராயன், நீலகிரி எல்லாம் ஒரே குடும்பம் என்று 1900-இல் விரிவான நூலாகவும் எழுதினார்.

ஹாலண்டுக்கு முன்பே, 1860-களில், வில்லியம் கிங், புரூஸ் ஃபூட் என்ற இருவர் சேலம், திருச்சி, தென்னார்க்காடு மாவட்டங்களின் கல் அமைப்பை ஆராய்ந்து எழுதினார்கள். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த அதே ஃபூட்தான். வரலாறு படித்த நாங்கள் அவரைக் கோடரிக்காக மட்டும் படித்தோம். நம் மாவட்டத்தில் அவர் கால் தேய நடந்ததைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை.

சார்னோக்கைட் எப்படி உண்டாகிறது என்பதுதான் வியப்பு. 700, 800 டிகிரி சூட்டில், சுமார் 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்தில், தண்ணீர்ச் சத்தே இல்லாத நிலையில் வெந்து உருவாகும் கல் இது. வயது 250 கோடி வருஷம். அந்த ஆழத்தில் இருந்தது இன்று ஏற்காட்டில் லேடீஸ் சீட் பாறையாக நிற்கிறது என்றால் என்ன பொருள்? அதற்கு மேலே இருந்த இருபது, முப்பது கிலோமீட்டர் கல்லும் கரைந்து போய்விட்டது. மழையும் வெயிலும் காற்றும் கோடிக்கணக்கான வருஷம் அரித்து அரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கின்றன. மேலே பாரம் குறையக் குறைய, தெப்பம் போலக் கீழிருந்தது மேலே வந்தது. ஏற்காட்டுக்குப் போகிறவர் மலை ஏறுவதாக நினைக்கிறார். கல்லைக் கேட்டால், நீங்கள் மேலோட்டின் அடித்தளத்துக்கு இறங்கி வந்திருக்கிறீர்கள் என்று சொல்லும்.

வெள்ளைக்கல்

சூரமங்கலம் தாண்டி கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம் போனால் நிலமே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். ஆங்கிலேயர் அதற்குச் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தார்கள். அது சாக்கும் அல்ல, சுண்ணாம்பும் அல்ல. மேக்னசைட். நம் ஜனங்கள் வைத்த பெயர் வெள்ளைக்கல். ரயில்வேக்காரர்கள் அந்தக் கல்லின் பெயரிலேயே மேக்னசைட் ஜங்ஷன் என்று ஒரு ஸ்டேஷன் வைத்திருக்கிறார்கள். ஒரு கனிமத்தின் பெயரை ஜங்ஷனுக்கு வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது!

1896-இல் மிடில்மிஸ் என்ற நிலவியலாளர் இந்த மேடுகளைப் பற்றி எழுதினார். வெள்ளையைவிட முக்கியமானது வெள்ளைக்கு இடையே கிடக்கும் பச்சைக் கல் என்று அன்றே தெரிந்துவிட்டது. அதன் பெயர் டியூனைட். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம்தான் அதில் பெரும் பகுதி. பூமியின் மேல் கவசத்தில் மிகுந்து கிடப்பதும் இதே ஆலிவின்தான். பழைய காலத்தில் நிலம் ஆழமாகப் பிளந்த இடத்தின் வழியே கவசத்துச் சரக்கு மேலே ஏறி இறுகியிருக்கிறது. மாம்பழத் தோல் கிழிந்த இடத்தில் சதை பிதுங்கி வந்த மாதிரி.

அப்புறம் வெள்ளை எப்படி வந்தது? கரியமில வாயு கலந்த நீர் அந்தப் பச்சைக் கல்லின் வெடிப்புகளில் புகுந்தது. ஆலிவினில் இருந்த மக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு கார்பனேட் ஆகப் படிந்தது. அதனால்தான் சுரங்கச் சுவரைப் பார்த்தால் பச்சையும் பழுப்புமான கல்லில் வெள்ளை நரம்புகள் பின்னிக் கிடக்கின்றன. சில கட்டிகள் அச்சு அசலாகக் காலிஃப்ளவர் மாதிரியே இருக்கும். காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கல்லாக மாற்றிப் பூட்டிவைக்க முடியுமா என்று இன்று உலக விஞ்ஞானிகள் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். நம் வெள்ளைக்கல் மேடு அந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்து முடித்துவிட்டது.

இந்தக் கல்லைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா 2,800 டிகிரி வரை உருகாது. ஆகவே எஃகு ஆலை உலைகளுக்கு உள்பக்கம் அடுக்கும் செங்கல் இதில்தான் செய்கிறார்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே தோண்டுகிறார்கள். தனியார் கம்பெனிகளும், 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனமும், மத்திய அரசு நிறுவனமும் வெட்டியெடுத்த கல் இந்திய எஃகின் உலைகளில் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்து சுத்தியலால் வெள்ளையையும் பச்சையையும் தட்டிப் பிரித்த கைகள் இந்தப் பக்கத்துக் கிராமத்து ஆண் பெண்களுடையவை. பூமியின் கவசத்தைத் தினமும் கையால் தொட்ட மனிதர்கள் உலகத்தில் மிகக் குறைவு. அவர்களில் பலர் வெள்ளக்கல்பட்டிக்காரர்கள். ஆனால் இது அவர்களிடம் யாரும் சொல்லாத சேதி.

கஞ்சமலை என்ற கடல் தரை

கஞ்சமலை என்றதும் சித்தர் கோயிலும் அமாவாசைக் கூட்டமும் ஞாபகம் வரும். திருமூலரையும் காலாங்கிநாதரையும் அந்த மலையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மூலிகை மலை, இரும்பு மலை என்ற இரண்டு பெயரும் அதற்குப் பொருந்தும்.

அந்த இரும்புக் கல்லை உடைத்துப் பார்த்தால் கருப்பும் வெள்ளையுமாக ஜமக்காளக் கோடு மாதிரி வரி வரியாக இருக்கும். கருப்பு வரி காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட். வெளிர் வரி குவார்ட்ஸ். காற்றில் பிராணவாயு அநேகமாக இல்லாத ஆதி காலத்தில் கடல் நீரில் இரும்பு கரைந்து கிடந்தது. அது சிலிக்காவோடு மாறி மாறிக் கடலடியில் படிந்து, பின்னால் புதைந்து, வெந்து, மடிந்து இப்படி ஆயிற்று. ஆகவே கஞ்சமலை 250 கோடி வருஷத்துக்கு முந்தைய ஒரு கடலின் தரை.

சேலத்து இரும்பின் பெருமை பழையது. ஊதுலைத் துருத்தியில் நம் கொல்லர்கள் செய்த எஃகு வெளிநாட்டார் ஆராய்ந்து வியந்த சரக்கு. கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை கட்டினார். சேலத்துக் கல் கொள்ளிடத்தில் படகு வழியே அங்கே போயிற்று. உலைக்குக் கரி வேண்டும், கரிக்குக் காடு வேண்டும். அந்த ஆலை நீடிக்கவில்லை.

1970 செப்டம்பரில் சேலம் இரும்பாலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். ஊரே திரண்டது என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1981-82-இல் உற்பத்தி ஆரம்பமானபோது அங்கே ஓடியது துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டும் ஆலை. பக்கத்து மலையின் கல்லை உருக்குவது அதன் வேலையாக அமையவில்லை. ஆலை வாசலில் நின்றால் கஞ்சமலை எதிரே தெரியும். கல்லும் ஆலையும் பக்கத்து வீட்டுக்காரர்கள். போக்குவரத்து மட்டும் இல்லை.

நகரும் தெப்பம்

மேலோட்டின் அடி, கவசம், கடல் தரை. இந்த மூன்றும் இருபது மைல் வட்டத்துக்குள் எப்படிச் சேர்ந்தன? இதற்கு விடை நிலத்தட்டுகளின் நகர்வு.

மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் நிலக்கரிப் பாறைகளுக்கு 1870-களில் கோண்ட்வானா என்று பெயர் வைத்தார்கள். அதே பாறைகளும் அதே இலைத் தடங்களும் ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடைத்தன. இவை எல்லாம் ஒரே நிலமாக இருந்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஆஸ்திரிய நாட்டு ஸூயெஸ் 1885-இல் கோண்ட்வானாலாந்து என்ற பெயரைக் கொடுத்தார். ஆனால் நடுவே இருந்த நிலம் கடலில் முழுகிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார்.

தமிழர்களாகிய நமக்கு இங்கே லெமூரியா ஞாபகம் வரும். ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864-இல் வைத்த பெயர் அது. லெமூர் வகைப் பிராணிகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதற்குக் காரணம் தேடியவர், நடுவே ஒரு கண்டம் இருந்து முழுகியிருக்கும் என்றார். நம் இலக்கியத்தில் கடல்கோள் செய்தி இருப்பதால் அந்தப் பெயரை நாம் அன்போடு பற்றிக்கொண்டோம். ஆனால் கண்டம் என்பது லேசான கல். கனமான கடல் தரைக்குள் அது அப்படியே முழுகாது. மேலே சொன்ன தெப்பக் கணக்கு அதை அனுமதிக்காது. கடைசிப் பனிக்காலத்துக்குப் பிறகு கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் ஏறியது உண்மை. கரையோர நிலம் போனதும் உண்மை. அது வேறு, ஒரு கண்டம் முழுகுவது வேறு. இதைச் சொல்வதால் தமிழின் தொன்மைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

நிலம் முழுகவில்லை, நகர்ந்தது என்று 1912-இல் சொன்னவர் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெக்னர். எது நகர்த்தியது என்று கேட்டார்கள். அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. கேலி செய்தார்கள். 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது அவர் கொள்கையும் இறந்ததாகவே பலரும் நினைத்தார்கள். கவசம் சூட்டில் மெல்லச் சுழல்கிறது என்று ஆர்தர் ஹோம்ஸ் சொன்னார். 1962-இல் ஹாரி ஹெஸ், கடலடி மலைத் தொடர்களில் புதுத் தரை பிறந்து இரு பக்கமும் விலகுகிறது என்றார். அடுத்த வருஷமே வைன், மேத்யூஸ் இருவரும் கடல் தரையில் பதிந்த காந்தக் கோடுகளைக் காட்டி விளக்கினார்கள். பத்து வருஷத்துக்குள் உலகம் ஒப்புக்கொண்டது. செத்துப் பல வருஷம் கழித்து பாஸான மாணவர் வெக்னர்!

இன்று தெரிந்த கணக்கு இது. சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன் நம் கிழக்குக் கரை அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தது. சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன் மடகாஸ்கர் பிரிந்தது. பிறகு இந்தியத் தட்டு ஒரு காலத்தில் வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கும் மேலான வேகத்தில் வடக்கே ஓடி, சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் ஆசியாவில் முட்டியது. இமயமலை எழும்பியது. இன்றும் நாம் வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடக்கே போய்க்கொண்டிருக்கிறோம். நகம் வளர்கிற வேகம்.

இமயமலை எழும்பிய மாதிரியே ஒரு மோதல் அதற்குப் பல காலம் முன்பு நம் காவிரிக் கரையிலும் நடந்திருக்கிறது. பாலக்காட்டிலிருந்து கரூர், நாமக்கல் வழியாகக் கிழக்கே ஓடும் பட்டையில் பாறைகள் நசுங்கி, திருகி, முறுக்கிய துணி மாதிரி இருக்கின்றன. வடக்கே ஒரு பழைய நிலத்துண்டும் தெற்கே மதுரைப் பக்கத்து நிலத்துண்டும் சேர்ந்த தையல் அது என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. கோண்ட்வானா கூடிய காலத்தில், சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன், நடுவே இருந்த கடல் மூடி அந்தத் தையல் விழுந்தது என்கிறார்கள். நாமக்கல்லுக்குத் தெற்கே மணமேடு, தேவனூர் பக்கங்களில் பழைய கடலடித் தரையின் துண்டுகள் சிக்கிக்கொண்டிருப்பதாகவும் ஆய்வுகள் வந்திருக்கின்றன. இப்படிக் கடல் மூடி, நிலம் முட்டி, ஆழமாகப் பிளந்து, பின் கோடி கோடி வருஷம் அரிக்கப்பட்டதால்தான் மூன்று அறைகளின் கல்லும் ஒரே முற்றத்தில் வந்து விழுந்திருக்கிறது.

சந்திரனுக்கு ஒத்திகை பார்த்த சித்தம்பூண்டி

1997-இல் நாமக்கல் தனி மாவட்டமானது. அதன் பங்குக்குப் போன புதையல்களில் ஒன்று சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்து வெளுத்த கல். அனார்த்தோசைட் என்பது அதன் பெயர். 250 கோடி வருஷத்துக்கு மேல் வயது. 1969-இல் அப்போலோ 11 கொண்டுவந்த சந்திர மண்ணில் இதே இனத்துக் கல்துண்டுகள் இருந்தன. சந்திரனின் மேட்டு நிலம் பெரும்பாலும் இதுதான். அங்கே உருகிய கடலின் மேல் லேசான கனிமம் மிதந்து உண்டானது. இங்கே பூமிக்குள் உருகிய குழம்பு ஆறும்போது பிரிந்தது. பிறந்த விதம் வேறு, சேர்மானம் கிட்டத்தட்ட ஒன்று.

சந்திரயான்-2 திட்டத்தின் லேண்டரையும் ரோவரையும் ஓட்டிப் பார்க்க இஸ்ரோவுக்குச் சந்திர மண் மாதிரி டன் கணக்கில் தேவைப்பட்டது. நம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினரின் உதவியோடு சித்தம்பூண்டிக் கல்லை அரைத்து அந்த மண்ணைத் தயாரித்தார்கள். அதற்கு இஸ்ரோ 2020-இல் காப்புரிமையும் பெற்றது. ரோவர் நிலாவில் நடக்கும் முன்பு நடை பழகியது நாமக்கல் மாவட்ட மண்ணில்.

நம் ஊர் ஆடாதா?

தென்னிந்தியா பழைய பாறை, இங்கே பூகம்பம் வராது என்று சொல்லிக் கேட்டிருப்போம். 1900 பிப்ரவரி 8-ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பக்கம் மையம் கொண்டு ஏறக்குறைய 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. தென்னிந்தியா முழுவதும் உணர்ந்தது. 1967 டிசம்பரில் கொய்னா, 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர் இரண்டும் அதே பழைய பாறைமேல்தான் நடந்தன. லாத்தூரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தது தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக் கல் சுவர் விழுந்து. 2004 டிசம்பர் 26-இல் சுமத்ராவுக்கு அருகே நம் தட்டு பக்கத்துத் தட்டின் கீழ் வழுக்கியது. நாகப்பட்டினம் அழுதது. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஃபேர்லேண்ட்ஸில் இன்று தனி வீடுகள் போய் அடுக்குமாடி எழும்புகிறது. கட்டும்போது இன்ஜினீயரிடம், "நிலநடுக்கத்துக்கு ஏத்த மாதிரி கம்பி கட்டியிருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

நாம் செய்யக் கூடியது

சுரங்கத்தை மூடு என்று சொல்ல நான் வரவில்லை. அதில் ஆயிரம் அடுப்பு எரிந்திருக்கிறது. ஆனால் கல் என்பது வெட்டினால் திரும்ப முளைக்கிற பயிர் இல்லை. பச்சைக் கல்லில் வெள்ளை நரம்பு பின்னிய ஒரு நல்ல சுவரையாவது வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். பரங்கிமலைச் சார்னோக்கைட்டையும், திருவக்கரை, சாத்தனூர்க் கல்மரங்களையும் நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவித்திருக்கிறது. நம் வெள்ளைக்கல் மேட்டின் ஒரு துண்டுக்கும், கஞ்சமலையின் ஒரு வரிக்கல் முகப்புக்கும், சித்தம்பூண்டிக்கும் அந்த மரியாதை வேண்டும். ஓர் ஓலைச்சுவடி செல்லரித்தால் பதறுகிறோம். 250 கோடி வருஷத்துச் சுவடி ஜல்லியாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கலாமா?

சங்கத்துக்கு என் வேண்டுகோள் சின்னது. நம் கல்லூரியில் கண்ணாடி அலமாரி ஒன்று வைப்போம். ஏற்காட்டுச் சார்னோக்கைட், வெள்ளைக்கல், பச்சை டியூனைட், கஞ்சமலை வரிக்கல், சங்ககிரிச் சுண்ணாம்புக்கல், சித்தம்பூண்டிக் கல். ஆறு கல், ஆறு தமிழ்ச் சீட்டு. ஒவ்வொன்றிலும் எங்கிருந்து வந்தது, எத்தனை வயது, பூமியின் எந்த அறையைச் சேர்ந்தது என்று நாலு வரி. செலவை எங்கள் செட்டுக்காரர்கள் ஏற்றுக்கொள்ளத் தயார்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஓல்டாம், ஹாலண்ட், ஃபூட் எல்லாரும் கடல் தாண்டி வந்து நம் கல்லைப் படித்தார்கள். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1951-இல் அதே நிலவியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானார். அந்த வரிசையில் அடுத்த பெயர் கருப்பூரிலிருந்தோ ஓமலூரிலிருந்தோ வரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுத்தியலும் நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு கஞ்சமலை அடிவாரம் வரை போய் வாருங்கள். பையில் ஒரு காந்தம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கல்லில் ஒட்டுகிறது என்று பாருங்கள்.